கிண்ணத்தில் இருப்பது தினையா, உமியா? பிள்ளையிடம் பறவையை ஒப்படைக்கும் பெற்றோருக்கு

லவ் பேர்ட்ஸ் கூண்டில் இருக்கும் தீனிக் கிண்ணத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். விளிம்புவரை நிறைந்திருக்கும். வாயால் லேசாக ஊதினால் மேலே இருப்பதெல்லாம் பறந்துவிடும். அடியில் பத்து தினைமணி இருந்தால் அதிகம். இந்தப் பறவை விதையை அப்படியே விழுங்குவதில்லை. அலகிலேயே உரித்து, உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டு, உமியை அதே கிண்ணத்தில் போட்டுவிடும். "தீனி நிறைய இருக்கும்மா" என்று பிள்ளை சொல்வது பொய்யில்லை. அதன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. பறவையோ காலையிலிருந்து பட்டினி.

பிள்ளைக்குப் பொறுப்பு வரட்டும் என்று பறவை வாங்க நினைக்கும் எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கிண்ணத்தை நிரப்பச் சொன்னால் எந்தப் பிள்ளையும் நிரப்பிவிடும். ஊதிப் பார்க்கப் பழக்குவதில்தான் விஷயம் இருக்கிறது. வாயில்லா ஜீவனுக்கு என்ன வேண்டும் என்று தானாகக் கவனித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், வேலைகள் பின்னாலேயே வந்துவிடும்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பறவைக்கு உரிமையாளர் நீங்கள்தான். எட்டு வயதுப் பிள்ளை மறக்கும், அது அந்த வயதின் இயல்பு. "மறந்தா என்ன ஆகும்னு அவனே பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்" என்று பெரியவர்கள் சும்மா இருந்தால், அந்தப் பாடத்துக்கு விலை கொடுப்பது பறவையின் உயிர். தினமும் ராத்திரி நீங்கள் ஒருமுறை தண்ணீரையும் தீனியையும் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். இதற்கு உங்களால் முடியாது என்றால், இப்போதைக்குப் பறவை வேண்டாம்.

முதலில் ஒரு மாதம் மொட்டைமாடியில்

வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை வைக்கலாம், காசு செலவில்லை. அகலமான மண்சட்டி ஒன்றை மொட்டைமாடியிலோ பால்கனியிலோ நிழலாக வைத்து, காக்கை, குருவி, மைனாவுக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டி, சட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்படியே விட்டால் கொசுப்புழு வந்துவிடும். அதையும் பிள்ளையிடம் காட்டலாம்.

முதல் வாரம் உற்சாகமாக ஓடும். இரண்டாவது வாரத்தில் சலிக்கும். மூன்றாவது வாரம் என்ன செய்கிறது என்று பாருங்கள். நாலு நாளில் ஒருநாள் மறந்தாலும், மறந்தது தெரிந்ததும் எழுந்து ஓடினால் போதும், தைரியமாக வாங்கலாம். ஒவ்வொரு நாளும் நீங்கள் விரட்டித்தான் நடக்கிறது என்றால் ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். சட்டியைத் தேடி என்னென்ன பறவை வருகிறது என்று கவனிப்பதிலேயே நிறைவு கண்டு, கூண்டுப் பறவையே வேண்டாம் என்று சொல்லிவிடும் பிள்ளைகளும் உண்டு. எனக்கு அதைவிடச் சந்தோஷமான முடிவு கிடையாது.

எந்தப் பறவை

பிள்ளைகள் முதலில் கேட்பது பச்சைக்கிளி. கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். பச்சைக்கிளி, மைனா, சந்தையில் சாயம் பூசி விற்கும் முனியா எல்லாம் இதில் அடங்கும். இதைப் பிள்ளையிடம் மழுப்பாமல் சொல்லுங்கள். கூட்டிலிருந்து குஞ்சாக எடுத்து வரும்போதே எத்தனையோ செத்துப்போகும், மிஞ்சியதைத்தான் விற்கிறார்கள் என்பது பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும். ஆசைப்பட்டதை ஒரு காரணத்துக்காக விட்டுக்கொடுப்பதும் பொறுப்பில் சேர்ந்ததுதான்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஏற்றது பட்ஜரிகர். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் இதைத்தான். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு சிறு கிளி. பட்ஜரிகர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்பகுதிகளில் கூட்டங்கூட்டமாகப் பறந்து, புல்விதை தின்று வாழ்வது. 1840-இல் ஜான் கூல்ட் என்ற பறவை ஆய்வாளர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அதன்பின் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பெருகி வந்திருக்கிறது. இதை வளர்க்க அனுமதி எதுவும் வாங்க வேண்டியதில்லை. எடை 30 முதல் 40 கிராம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 5 முதல் 10 வருடம் இருக்கும். இந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போடுங்கள். இன்று எட்டு வயதுப் பிள்ளைக்கு, பத்தாம் வகுப்புப் பரீட்சை வரும்போதும் இந்தப் பறவை வீட்டில் இருக்கலாம்.

கூட்டமாக வாழும் பறவை என்பதால் தனியாக ஒன்றை மட்டும் வாங்க வேண்டாம், இரண்டாக வாங்குங்கள். ஆனால் கடைக்காரர் கூடவே நீட்டும் மண்கலயத்தை வாங்காதீர்கள். ஆணும் பெண்ணும் இருந்து, கலயமும் இருந்தால் நாலைந்து முட்டை, 18 நாளில் குஞ்சு என்று ஆரம்பித்துவிடும். முதல் பறவையையே பழகாத பிள்ளைக்கு அது தாங்காது. ஒரே கூண்டில் வளர்ந்த இரண்டு ஆண்களை வாங்கினால் சண்டை குறைவு. அலகுக்கு மேலே மூக்குத்துளை இருக்கும் சதைப்பகுதி, வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலான நிறங்களில் நீலமாகவும், பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். நெற்றிக் கோடுகள் அலகுவரை இறங்கி வந்திருந்தால் இளம் பறவை. மூன்று நாலு மாதத்தில் முதல் இறகு உதிரும்போது அவை மறைந்துவிடும். இளசாக வாங்கினால் கைக்குச் சீக்கிரம் பழகும். ஆனால் அந்த வயதில் ஆண், பெண் பிரித்துப் பார்ப்பது பழகிய கண்ணுக்கே சிரமம். அதனால் கடையைவிட, வீட்டில் வைத்து வளர்த்து விற்பவரிடம் கேட்டு வாங்குவது நல்லது.

வாங்கும்போது பிள்ளையையும் கூட்டிப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கண் தெளிவாக இருக்கிறதா, பின்புறம் எச்சம் ஒட்டாமல் சுத்தமாக இருக்கிறதா, அலகோரத்தில் வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா, மற்றவை துள்ளும்போது இது மட்டும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறதா? நோஞ்சானைப் பார்த்து இரக்கப்பட்டுப் பிள்ளை அதைத்தான் கேட்கும். முதல் பறவையாக அது வேண்டாம்.

வீட்டில் யாருக்காவது வீசிங், ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். இறகுத் தூசு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

கூண்டும் இடமும்

கூண்டு உயரமாக இருப்பதைவிட நீளமாக இருப்பது முக்கியம், பறவை பக்கவாட்டில்தான் பறக்கும். இரண்டு பறவைக்கு 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம் என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பிகளுக்கு நடுவே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் தலை மாட்டிக்கொள்ளும். கூண்டோடு வரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியில் மட்டும் எப்போதும் உட்கார்ந்திருந்தால் பாதத்தில் புண் வரும். கொய்யாக் கிளை, வேப்பங்கிளை ஆகியவற்றைப் பருமன் மாற்றி மாற்றி வெட்டி, கழுவிக் காயவைத்துக் கட்டுங்கள். கிளை தேடிக் கொண்டுவருவதைப் பிள்ளையிடமே விடலாம்.

சமையலறைப் பக்கம் கூண்டு கூடவே கூடாது. டெஃப்லான் பூசிய நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, அது அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவத்தி, சாம்பிராணி, ரூம் ஸ்பிரே எல்லாமே அதன் நுரையீரலுக்கு எமன். பூஜை அறை வாசலிலும் வைக்காதீர்கள். ஹாலில் சுவரை ஒட்டி, பெரியவர் கண்மட்டத்தில், நேர் வெயில் படாத இடம் சரி. டிவி 11 மணிவரை ஓடும் ஹாலாக இருந்தால் ராத்திரி வேறு அறைக்கு மாற்றுங்கள். அதற்கு 10, 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். எட்டு மணிக்கு மெல்லிய பருத்தித் துணியால் கூண்டை மூடுவது, சின்னப் பிள்ளைக்கும் கொடுக்கக்கூடிய அருமையான வேலை.

முதல் வாரம்: தொடக்கூடாது

பிள்ளைக்கு இதுதான் கஷ்டமான வாரம். புது இடத்துக்கு வந்த பறவை பயந்திருக்கும். கூண்டுப் பக்கத்தில் உட்காரலாம், மெதுவாகப் பேசலாம், பாடம் படிக்கலாம். கையை உள்ளே விடக்கூடாது. கூண்டைத் தட்டக்கூடாது.

இரண்டாவது வாரம், தீனி மாற்றும்போது கையைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் உள்ளே வைத்திருக்கட்டும். பிறகு தினைக்கதிர் ஒன்றை விரலோடு சேர்த்துப் பிடித்து நீட்டட்டும். ஒருநாள் அது வந்து கொத்தும். சில நாளில் விரலில் ஏறும். சில பறவைகள் ஏறவே ஏறாது, அதுவும் சரிதான் என்று பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பறவையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்கக்கூடாது. நமக்கு இருப்பதுபோல மூச்சு இழுக்க உதவும் உதரவிதானத் தசை அதற்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. ஆசையாக நெஞ்சைச் சுற்றி இறுக்கினால், மூக்கு திறந்திருந்தாலும் மூச்சு நின்றுவிடும். பிள்ளையின் கையைப் பிள்ளையின் நெஞ்சிலேயே வைத்து, மூச்சு விடும்போது எப்படி விரிகிறது என்று காட்டிவிட்டு இதைச் சொன்னால் மறக்காது.

வயதுக்கு ஏற்ற வேலை

நாலு முதல் ஆறு வயதுவரை உங்களோடு சேர்ந்துதான் எல்லாம். கீரை ஆய்ந்து கொடுப்பது, கூண்டை மூடுவது, "தண்ணியில அழுக்கு கிடக்கு" என்று கண்டுபிடித்துச் சொல்வது. கூண்டுக் கதவு அந்த வயதுக்கு வேண்டாம்.

ஏழு முதல் ஒன்பதுக்குள் தினசரி வேலைகளைக் கொடுக்கலாம். பள்ளிக்கூடம் கிளம்புமுன் பல் தேய்த்த கையோடு கூண்டு என்று ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தோடு சேர்த்துவிடுங்கள். "நேரம் கிடைக்கிறப்போ செய்" என்றால் நடக்காது. வேலை இவ்வளவுதான். கிண்ணத்தை ஊதி உமியைத் தள்ளிவிட்டு, ஒரு பறவைக்கு ஒன்றரை முதல் இரண்டு டீஸ்பூன் என்ற கணக்கில் தினை, சாமை, கம்பு கலந்த தீனியைப் போட வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தை வழவழப்புப் போகத் தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தட்டில் விரித்த செய்தித்தாளை மாற்ற வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பறவையிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சல் உண்டு என்பதால், கடைசி வேலையில் சமரசம் கிடையாது. வாயோடு வாய் வைத்துக் கொஞ்சுவதும் வேண்டாம்.

விதை மட்டுமே தின்னும் பறவைக்குக் கொழுப்பு ஏறும், வைட்டமின் ஏ குறையும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், முளைகட்டிய பயறு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை நன்றாகக் கழுவிக் காலையில் வைத்து, மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கிடைக்கும். கணவாயின் ஓடு அது, கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் தானே கொறித்துக்கொள்ளும். அவகாடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, உப்புப் போட்ட மிக்சர் எதுவும் கூடாது. விருந்தாளி வீட்டுப் பிள்ளைகள் பாசமாக முறுக்கு நீட்டும்போது தடுப்பது உங்கள் பிள்ளையின் வேலை. அந்த அதிகாரத்தை அதற்குக் கொடுங்கள்.

பத்து வயதுக்கு மேல் எடை பார்க்கும் வேலையைக் கொடுப்பதை நான் மிகவும் சிபாரிசு செய்வேன். கிராம் காட்டும் டிஜிட்டல் தராசின் மேல் சின்ன டப்பாவை வைத்து, அதில் தினைக்கதிரைப் போட்டால் பழகிய பறவை தானே ஏறும். ஞாயிறுதோறும் தேதி போட்டு நோட்டில் எழுதட்டும். 35 கிராம் பறவை 31 ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாது, இறகு மறைத்துவிடும். ஆனால் உடம்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று பிள்ளையே கணக்குப் போட்டுச் சொல்லும்போது, பார்ப்பது எதற்கு என்பது அதற்குத் தானாக விளங்கும்.

பறக்க விடும் நேரம்

தினமும் கொஞ்ச நேரம் அறைக்குள் பறக்க விடுவது நல்லது. ஆனால் நம் வீடுகளில் கூண்டுப் பறவைக்குப் பெரிய ஆபத்து சீலிங் ஃபேன். திறப்பதற்கு முன் பிள்ளை வாய்விட்டுச் சொல்லட்டும்: "ஃபேன் ஆஃப், ஜன்னல் மூடியாச்சு, கதவு மூடியாச்சு, வாளியில தண்ணி இல்ல." ஃபேன் சுவிட்சின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள், வெயிலில் வந்தவர் கை தானாக அதற்குப் போகும். பெரியவர் யாரும் இல்லாதபோது கூண்டைத் திறக்கக்கூடாது என்பதில் வயது வித்தியாசமே வேண்டாம்.

மறந்துவிட்டால்

"தண்ணி மாத்தினியா?" என்று கேட்காதீர்கள். "மாத்திட்டேன்" என்ற பதில் நாக்கு நுனியிலேயே இருக்கும். "தண்ணி எப்படிடா இருக்கு?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல எழுந்துபோய்ப் பார்த்தாக வேண்டும். பார்த்தபின் மாற்றாமல் திரும்பி வரும் பிள்ளையை நான் பார்த்ததில்லை.

பறவை வேலையைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். "மார்க் குறைஞ்சிடுச்சு, பறவையைக் குடுத்துடுவேன்" என்று மிரட்டவும் வேண்டாம். இதற்குக் காசு கொடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை. காசு நின்றால் வேலையும் நின்றுவிடும்.

பரீட்சை வந்தால் "நீ படி, நான் பாத்துக்கறேன்" என்று நாமே பிடுங்கிக்கொள்வோம். அவசரப்பட வேண்டாம். பத்து நிமிட வேலை அது. உண்மையிலேயே முடியவில்லை என்றால் பிள்ளையே வந்து, "இந்த வாரம் நீங்க பாத்துக்கறீங்களாப்பா?" என்று கேட்டு ஒப்படைக்கட்டும். சொல்லாமல் விடுவதற்கும், கேட்டு ஒப்படைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை வேறு எங்கேயும் இவ்வளவு எளிதாகக் கற்றுக்கொடுக்க முடியாது.

உடம்பு சரியில்லை என்று எப்படித் தெரியும்

பறவை தன் நோயை முடிந்தவரை மறைக்கும். வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். அதனால் தினமும் மாற்றும் அந்தச் செய்தித்தாளைத் தூக்கி எறியுமுன் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல எச்சம் கரும்பச்சைச் சுருளும் நடுவே வெள்ளையுமாக இருக்கும். தண்ணீராக ஓடினாலோ, ரத்தம் தெரிந்தாலோ, வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தாலோ உடனே வந்து சொல்ல வேண்டும். பகலில் இறகைச் சிலிர்த்தபடி தூங்குவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, கூண்டுத் தரையில் உட்காருவது எல்லாமே அவசரம். இவ்வளவு சின்னப் பறவை ஒருநாள் சாப்பிடாமல் இருந்தாலே உயிருக்கு ஆபத்து. மெடிக்கல் கடை மாத்திரையை நசுக்கித் தண்ணீரில் கலக்காதீர்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல்லில் அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி என்று பக்கத்தில் எது இருக்கிறதோ, பறவை பார்க்கும் டாக்டர் யார், எந்த நேரம் என்று வாங்கின வாரமே விசாரித்து, நம்பரைக் கூண்டுக்கு மேலே சுவரில் ஒட்டி வையுங்கள்.

வெயில், வெடி, ஊர்ப்பயணம்

கத்திரி வெயிலில் அலகைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, சிறகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாலோ சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். தட்டையான கிண்ணத்தில் ஒரு அங்குலத் தண்ணீர் வைத்தால் குளிக்கும். குடிதண்ணீரை இரண்டு வேளை மாற்ற வேண்டும். தீபாவளிக்குக் கூண்டை உள்ளறைக்கு மாற்றி, ஜன்னலை மூடி, சின்ன விளக்கு ஒன்றை எரிய விடுங்கள். கும்மிருட்டில் வெடிச்சத்தம் கேட்டால் கம்பியில் மோதிக்கொள்ளும். போகிப் புகைக்கும் அதே ஏற்பாடுதான்.

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குப் போவதாக இருந்தால், பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்க் கேட்க வேண்டியது பிள்ளை. நீங்கள் கூட நின்றால் போதும். எவ்வளவு தீனி, எப்போது தண்ணீர், டாக்டர் நம்பர் என்ன என்பதைத் தன் கையால் எழுதிக் கொடுக்கட்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த அக்காவை வரச்சொல்லி, பிள்ளையை ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு நாளுக்குச் சேர்த்துத் தீனி கொட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு போவது கூடாது.

பறவை இறந்தால், ஆர்வம் போனால்

எவ்வளவு பார்த்தாலும் ஒருநாள் இறக்கும். பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கி வைத்துவிடாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள், அழ விடுங்கள், சேர்ந்து புதையுங்கள். "என்னாலயா?" என்று கேட்கும். இதற்காகத்தான் ராத்திரி நீங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொன்னேன். "இல்ல கண்ணு, நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்று மனதாரச் சொல்ல முடிய வேண்டும். மிஞ்சிய பறவை துணையில்லாமல் வாடினால் சில வாரம் கழித்து இன்னொன்றைப் பற்றி யோசிக்கலாம். புதிதாக வருவதைச் சில வாரம் தனிக் கூண்டில் வைத்திருந்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

ஒன்றிரண்டு வருடத்தில் ஆர்வமே போய்விடுவதும் நடக்கும். டியூஷன், விளையாட்டு, நண்பர்கள் என்று பிள்ளையின் உலகம் மாறிவிடும். அப்போது பெரியவர்கள் எடுத்துச் செய்யலாம், அல்லது நன்றாக வளர்ப்பவருக்குக் கொடுக்கலாம். கூண்டைத் திறந்து பறக்க விடுவது மட்டும் புண்ணியம் ஆகாது. இரை தேடத் தெரியாத அந்தப் பறவையை அன்றைக்கே காக்கை கொத்திவிடும். கொடுப்பது என்று முடிவானால், வாங்கிக்கொள்பவர் வீட்டுக்குப் பிள்ளையோடு போய்க் கூண்டு எங்கே இருக்கிறது, அடுப்பு எவ்வளவு தூரம், பூனை உண்டா என்று பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமாகப் போடும் தீனியில் ஒரு மாதத்துக்கானதையும், எடை எழுதிய நோட்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டு வாருங்கள்.